பதினாறாவது ஆள்

உங்களுக்கு விரோதிகள் போதவில்லை என்ற குறை இருக்கிறதா? இருந்தால் ஒரு சுலபமான வழி சொல்லுகிறேன். ஏதாவது ஒரு கிரிக்கெட் கோஷ்டிக்கு ஆள் பொறுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள். காலையில் எழுந்து வாசற்கதவைத் திறக்கும்போது, குறைந்தபட்சம் ஏழு பேர் உங்களைப் பார்த்தும் பாராதவர் போல் போவார்கள். போகிறவர்களில் பால்காரரும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். விடுபட்ட பையன்களில் ஒருவன் அவருடைய அக்காள் மகனாக இருப்பான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அநுபவித்துச் சொல்லுகிறேன்.

எங்கள் ஊர் அண்ணனூர். சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே, ‘இதுதானா, அடுத்ததா?’ என்று நீங்கள் யோசிப்பதற்குள் வந்து போய்விடும் ஸ்டேஷன் அது. மின்சார ரயில் வண்டிகளைப் பராமரிக்கும் பெரிய ஷெட் இங்கே இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக இந்த ஊரில் முக்கியமான ஸ்தாபனம் எது என்றால், ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் டீக்கடை பெஞ்சுதான். ஏன் என்றால், தினந்தோறும் காலை ஆறரை மணிக்கு இந்திய கிரிக்கெட் தேர்வுக் குழு அதன் மேல்தான் கூடுகிறது.

மும்பையில் கூடுகிற குழுவுக்கு ஐந்தே பேர். எங்கள் குழுவில் சில நாள் பன்னிரண்டு பேர் கூட உண்டு. அவர்களுக்குச் சம்பளம் உண்டு. எங்களுக்கு டீக்குக் கூட நாங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு பெரிய சௌகரியம் பாருங்கள்: எங்கள் தீர்ப்பு தப்பாகப் போனது என்று இதுவரை ஒருவரும் சொன்னது கிடையாது. நாங்கள் தேர்ந்தெடுத்த கோஷ்டி ஒரு தடவை கூட மைதானத்தில் இறங்கியதில்லை அல்லவா!

முப்பது வருஷமாக நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, தேர்வுக் குழுக்காரர்களை வாய் வலிக்கத் திட்டியவன்தான். “கண் இருக்கிறதா இவர்களுக்கு?” என்று கேட்டவன்தான். கடவுள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போன வருஷம் கோடை விடுமுறையில் என்னைப் பிடித்துத் தேர்வுக் குழுத் தலைவனாக்கிவிட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் பேட்டைப் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். சுற்று வட்டாரத்துக் கோஷ்டிகளுக்குள் எட்டு ஓவர் போட்டி ஒன்று ஏற்பாடாயிற்று. ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் உபகாரமாகப் பன்னிரண்டு டீ ஷர்ட் தருவதாகச் சொன்னார். முதுகில் அவர் கடைப் பெயர் இருக்கும். ஆட ஆசைப்பட்டவர்களோ இருபத்து மூன்று பேர்.

பையன்களின் கேப்டன் கெட்டிக்காரன். பதினோரு பேருடைய பகையைத் தன் தலையில் சுமப்பானேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. நேரே என்னிடம் வந்தான். “அங்கிள், நீங்கதான் நியாயமா செலக்ட் பண்ணுவீங்க. எங்களுக்கு யார் மேலேயும் நம்பிக்கை இல்லை” என்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். “நம்ம பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை லிஸ்ட் போட்டபோது ஒரு பேரை விட்டுட்டீங்க. உங்க பெரியப்பா பிள்ளை பதினோரு வருஷமா நம்ம வாசப்படி மிதிக்கலை. ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“அது மறதி. இது தேர்வு” என்றேன் மிடுக்காக.

“விடுபட்டவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பெரிய பெரிய தேர்வுக் குழுக்களெல்லாம் என்ன செய்தன என்று யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாள் திட்டுவதற்காக ஞாபகம் வைத்திருந்த சங்கதிகள் இப்போது பாடம் படிக்க உதவின.

முதல் பாடம் 1975ஆம் வருஷத்தது. முதன்முதலாக உலகக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடந்தது. அப்போது ஓர் இன்னிங்ஸுக்கு 60 ஓவர். நம் கோஷ்டிக்குத் தலைவர் சென்னை எஸ். வெங்கட்ராகவன். முதல் ஆட்டம் லார்ட்ஸ் மைதானத்தில். இங்கிலாந்து 4 விக்கெட்டுக்கு 334 ரன் குவித்தது. பதிலுக்கு நம்மவர்கள் 60 ஓவரும் ஆடி 3 விக்கெட்டுக்கு 132 ரன் எடுத்தார்கள். சுனில் கவாஸ்கர் கடைசி வரை ஆட்டமிழக்கவில்லை. 174 பந்துகளைச் சந்தித்து அவர் எடுத்தது 36 ரன்!

கவாஸ்கர் மோசமான ஆட்டக்காரரா? ஐந்து நாள் ஆட்டத்தில் உலகமே கையெடுத்துக் கும்பிட்ட மனிதர் அவர். விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு நிற்பது அங்கே தவம். ஓவரை எண்ணி ஆடும் ஆட்டத்தில் அதுவே பாவமாகிவிடுகிறது. நல்ல ஆட்டக்காரன் வேறு, இந்த ஆட்டத்துக்கு ஏற்ற ஆட்டக்காரன் வேறு என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் நமக்கு உறைக்கச் சில வருஷங்கள் பிடித்தன. 1979 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பினோம். அவற்றில் ஒன்று, அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூடப் பெறாத இலங்கையிடம்.

பிறகு வந்தது 1983. அந்தக் கோஷ்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கபில்தேவ், மொஹிந்தர் அமர்நாத், ரோஜர் பின்னி, மதன்லால், கீர்த்தி ஆஸாத், ரவி சாஸ்திரி. எல்லாரும் மட்டையும் பிடிப்பார்கள், பந்தும் போடுவார்கள். ‘அரை ஆட்டக்காரர்கள்’ என்று சிலர் உதட்டைப் பிதுக்கியிருக்கலாம். ஆனால் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிற்பாடு என்ன நடந்தது? கபில்தேவ் 175 ரன் அடித்தார் என்பது குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் துணையாக எதிர்முனையில் யார் நின்றார்கள்? முதலில் பின்னி, பிறகு மதன்லால், கடைசியில் விக்கெட் கீப்பர் கிர்மானி. ஒன்பதாவது விக்கெட்டுக்குக் கபிலும் கிர்மானியும் சேர்ந்து 126 ரன் சேர்த்தார்கள். போட்டி முழுவதிலும் அதிக விக்கெட் எடுத்தவர் யார் என்று பார்த்தால், அதுவும் அந்தப் பின்னிதான்: 18 விக்கெட். இறுதி ஆட்டத்தில் நம் பக்கம் அதிக ரன் எடுத்தவர் நம் ஊர் ஸ்ரீகாந்த், 38 ரன். பந்தைக் கண்டால் பொறுமை இல்லை என்று ஐந்து நாள் ஆட்டத்தில் எந்தக் குணத்துக்காக அவரைக் கண்டித்தார்களோ, அந்தக் குணமே அன்றைக்கு லார்ட்ஸில் நமக்கு உதவியது.

இதெல்லாம் யோசித்தபோது எனக்கு ஒரு சூட்சுமம் புலப்பட்டது. முப்பது வருஷம் டீக்கடையில் உட்கார்ந்து புலப்படாதது, ஒரு ராத்திரி காகிதத்தின் முன்னால் உட்கார்ந்ததும் புலப்பட்டுவிட்டது. குறுகிய ஆட்டத்துக்கு ஆள் எடுப்பது தரம் பார்த்து எடுப்பது அல்ல. இடம் பார்த்து எடுப்பது.

இருபது ஓவர் ஆட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 120 பந்து. ஒருவர் நான்கு ஓவருக்கு மேல் வீசக் கூடாது. ஆகவே ஐந்து பேர் பந்து போட்டே தீர வேண்டும். அன்றைக்கென்று ஒருவனுக்கு அடி விழுந்தால் பதிலுக்குப் போட ஆறாவதாக ஒருவன் வேண்டும். விக்கெட் கீப்பர் ஒருவர். புதுப் பந்தை அடித்து ஆட இரண்டு பேர். கடைசி நான்கு ஓவரில் வந்தவுடனே தூக்கி அடிக்கிறவர்கள் இரண்டு பேர். எதிரியின் பந்து வீச்சைக் குழப்ப இடது கை ஆட்டக்காரர் நடுவில் எங்காவது வேண்டும். இவ்வளவையும் எழுதி முடித்தால் பதினோரு இடம் தீர்ந்து போகிறது. தேசத்திலேயே சிறந்த தொடக்க ஆட்டக்காரர்கள் ஏழு பேர் இருந்தாலும், ஐந்து பேர் வீட்டில்தான். தலைவலிக்கு மருந்து கேட்டவனுக்குத் தங்க பஸ்பம் கொடுத்து என்ன பிரயோஜனம்?

2007இல் முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது, டெண்டுல்கர், திராவிட், கங்குலி மூவரும் இல்லாமலே நம் கோஷ்டி புறப்பட்டது. புதுத் தலைவர் தோனி. அதற்கு முன்னால் நாம் ஆடியிருந்த சர்வதேச இருபது ஓவர் ஆட்டம் ஒன்றே ஒன்று! டீக்கடையில் நாங்கள் அனைவரும் ஏகமனதாகத் தலையில் அடித்துக்கொண்டோம். இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் வேண்டியிருந்தது. பந்தை ஜோகிந்தர் சர்மா கையில் கொடுத்தார் தோனி. 5 ரன் வித்தியாசத்தில் கோப்பை நமக்கு வந்தது. மறுநாள் காலை டீக்கடையில், “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லாதவர் ஒருவர் கூட இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

ஜெயித்தால் இப்படி. தோற்றால்?

2019ஆம் வருஷக் கதை உங்களுக்கு மறந்திருக்காது. ஐம்பது ஓவர் உலகக் கோப்பைக்கு 15 பேர் பட்டியல் ஏப்ரல் 15ஆம் தேதி வெளியாயிற்று. நான்காவது இடத்தில் ஆட யார் என்பதுதான் கேள்வி. அந்த இடம் அம்பட்டி ராயுடுவுக்குத்தான் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். முந்தைய அக்டோபரில் கேப்டன் கோலியே அவரை ஆதரித்துப் பேசியிருந்தார். பட்டியலைப் பார்த்தால் ராயுடு இல்லை; நம் தமிழ்நாட்டு விஜய் சங்கர் இருக்கிறார். அந்த வருஷம் ஜனவரியில்தான் தம் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடியவர் அவர். தேர்வுக் குழுத் தலைவர் எம். எஸ். கே. பிரசாத் காரணம் சொன்னார்: விஜய் சங்கரிடம் மட்டை, பந்து, ஃபீல்டிங் என்று மூன்று பரிமாணம் இருக்கிறது என்று. ராயுடு, உலகக் கோப்பையைப் பார்ப்பதற்காக முப்பரிமாணக் கண்ணாடி வாங்கப் போவதாக ஒரு குறும்பான வாக்கியம் எழுதினார். தேசமே சிரித்தது. சிரிப்புக்குள்ளே இருந்த அழுகையும் சிலருக்குக் கேட்டிருக்கும்.

எங்கள் டீக்கடையில் அன்று கட்சி இரண்டாகப் பிரிந்தது. “நம்ம பையன் ஸார்!” என்று ஒரு கட்சி. “நம்ம பையனா இருந்தா என்ன ஸார், 55 ஒருநாள் ஆட்டத்திலே சராசரி 47 வெச்சிருக்கிறவரை விடலாமா?” என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

விஜய் சங்கருக்கும் விதி நன்றாகத்தான் ஆரம்பித்தது. மான்செஸ்டரில் பாகிஸ்தானுக்கு எதிராக, புவனேஷ்வர் குமார் காயப்பட்டு வெளியேற, பாதியில் நின்ற ஓவரை முடிக்க வந்தார். உலகக் கோப்பையில் அவர் போட்ட முதல் பந்திலேயே விக்கெட்! அண்ணனூரில் வெடி வெடித்தது. ஆனால் மூன்று ஆட்டத்துக்குப் பிறகு கால் விரலில் காயம், ஊர் திரும்பிவிட்டார். அதற்கு முன்பே தவான் காயப்பட்டு ரிஷப் பந்த் போயிருந்தார். இப்போது மயங்க் அகர்வால் போனார். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்த ராயுடுவைக் கூப்பிடவில்லை. ஜூலை 3ஆம் தேதி அவர் ஓய்வு அறிவித்துவிட்டார். ஒரு வாரத்தில் அரை இறுதி. முதல் மூன்று பேரும் தலைக்கு 1 ரன் எடுத்து ஆட்டமிழந்தார்கள். நியூஸிலாந்திடம் 18 ரன்னில் தோற்றோம்.

ராயுடு இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா? அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. “ஜெயிச்சிருப்போம்!” என்று பெஞ்சில் ஓங்கித் தட்டினேன்.

இப்போது என் பட்டியலுக்கு வருகிறேன். பதினோரு பேரைச் சிரமமில்லாமல் எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது டீ ஷர்ட்தான் பாக்கி. அதற்கு இரண்டு பேர்.

ஒருவன் பிளஸ் டூ படிக்கிற பையன். துடியானவன். பந்தைத் தூக்கி அடிப்பான். இரண்டு ஓவர் சுமாராகப் பந்தும் போடுவான்.

மற்றவனை எல்லாரும் ‘அண்ணன்’ என்றே கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கோஷ்டியை ஆரம்பித்தவனே அவன்தான். மட்டைகளும் ஸ்டம்புகளும் அவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் குடியிருக்கின்றன. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, தூங்காமல், மைதானத்தில் கல் பொறுக்கிவிட்டுப் போகிறவன். மட்டை பிடித்தால் அவனை அவ்வளவு சீக்கிரம் அசைக்க முடியாது. கல் தூண் மாதிரி நிற்பான். ஒன்று, ஒன்று, இரண்டு என்று ரன் சேர்ப்பான். பந்து போட மாட்டான்.

எட்டு ஓவர் என்றால் 48 பந்து. பதினோரு பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு நாலு பந்து சொச்சம். இதில் ஒருவன் பதினைந்து பந்தைச் சாப்பிட்டுப் பத்து ரன் எடுத்தால்? லார்ட்ஸில் கவாஸ்கர் என் கண் முன்னால் வந்து நின்றார். பிளஸ் டூ பையன் பெயரை எழுதினேன். யாராவது காரணம் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலும் தயாராக நாக்கில் வந்து நின்றது: “பையன்கிட்டே பேட்டிங், பௌலிங், ஃபீல்டிங் மூணும் இருக்கு!” எழுதி முடித்த பிறகுதான், எந்த வார்த்தைக்காக ஒரு பெரிய மனிதரை நான் வருஷக்கணக்கில் பரிகாசம் செய்தேனோ அதையே நானும் சொல்லுகிறேன் என்று தெரிந்தது. பேனாவை மூடிவைத்தேன்.

அண்ணனிடம் நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். அவன் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. சொல்லத் தைரியம் வரவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போட்டேன். போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

போட்டி நடந்தது. முதல் ஆட்டம் ஜெயித்தோம். பிளஸ் டூ பையன் இரண்டு விக்கெட் எடுத்தான். எனக்கு மார்பு விம்மியது. இரண்டாவது ஆட்டத்தில் 62 ரன் எடுக்க வேண்டும். இரண்டே ஓவருக்குள் நான்கு விக்கெட் போய்விட்டது. பிளஸ் டூ பையன் முதல் பந்திலேயே தூக்கி அடித்து எல்லைக் கோட்டில் பிடிபட்டான். எதிர்முனையில் நிற்பதற்கு ஓர் ஆள் இல்லை. ஒன்பது ரன்னில் தோற்றோம்.

அண்ணன் அன்றைக்கும் வந்திருந்தான். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு வந்தவனே அவன்தான். ஆட்டம் முடிந்ததும் ஸ்டம்புகளைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டு போனான். என்னைப் பார்த்து, “வரேன் அங்கிள்” என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் டீக்கடையில் என் வழக்கு விசாரணைக்கு வந்தது. “அண்ணன் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்!” என்று ஒருவர் பெஞ்சில் ஓங்கித் தட்டினார். நான் வழக்கமாகத் தட்டுகிற அதே இடம்.

ஜெயித்திருப்போமா? எனக்குத் தெரியாது. அவனும் முதல் பந்தில் ஆட்டமிழந்திருக்கலாம். நின்று ஆடி, பந்துகளை விழுங்கி, இருபது ரன்னில் தோற்க வைத்திருக்கலாம். அவன் இருந்திருந்தால் முதல் ஆட்டத்தில் அந்த இரண்டு விக்கெட்டை யார் எடுத்திருப்பார்கள்? நடக்காத ஆட்டத்தின் முடிவு எழுதிய பலகை எந்த மைதானத்திலும் கிடையாது. தேர்வுக் குழுக்காரனுடைய தலையெழுத்தே இதுதான்: அவன் எடுத்தவனை நடந்த ஆட்டத்தை வைத்து எடை போடுகிறார்கள், விட்டவனை நடக்காத ஆட்டத்தை வைத்து எடை போடுகிறார்கள். நடக்காத ஆட்டத்தில் எல்லாரும் சதம் அடிக்கிறார்கள்!

இந்தத் தத்துவத்தை மனைவியிடம் பெருமையாக எடுத்துச் சொன்னேன். அவள் கறிகாய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “எல்லாம் சரி. கல்யாணத்துக்குக் கூப்பிட ஒவ்வொரு வீடா நேரே போறோம். கூப்பிட முடியலைன்னா, அதையும் நேரே போய்ச் சொல்ல வேண்டாமா?” என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அண்ணன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். “உள்ளே வாங்க அங்கிள்” என்று நாற்காலி எடுத்துப் போட்டான். அவன் அம்மா காப்பி கொண்டுவந்தாள். நான் கவாஸ்கரிலிருந்து ஆரம்பித்து, 48 பந்துக் கணக்கு வரைக்கும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

“எனக்கே தெரியும் அங்கிள். எட்டு ஓவருக்கு நான் சரிப்பட மாட்டேன். நானா இருந்தாலும் அந்தப் பையனைத்தான் எடுத்திருப்பேன்” என்றான். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “ஆனா, என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராத்திரி ஷிப்ட்லே மெஷின் பக்கத்துலே நின்னுக்கிட்டு போன்லே பார்த்தேன். பன்னிரண்டு பேர்தான்னு தெரியும். இருந்தாலும் மூணு தடவை எண்ணினேன்.”

எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. கையிலிருந்த காப்பியில் ஆடை கட்டிவிட்டது.

அன்று முதல், பட்டியல் வெளியாகும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் ஞாபகம் வருகிறது. 15 பேர் பெயர் வாசிக்கிறார்கள். எங்கோ ஓர் ஊரில் பதினாறாவது ஆள் ஒருவன் மூன்று தடவை எண்ணுகிறான். தம் பெயர் இல்லை என்பதை ஊரோடு சேர்ந்து தாங்களும் செய்தியில்தான் தெரிந்துகொண்டதாக எத்தனையோ ஆட்டக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சிலருக்குக் காலம் ஈடு செய்துவிடுகிறது. ஸ்ரீகாந்த் தலைமையிலான குழு 2011 உலகக் கோப்பைக்கு ஆள் எடுத்தபோது ரோஹித் சர்மாவுக்கு இடமில்லை. அந்தக் கோஷ்டி கோப்பையை ஜெயித்தது. ஆகவே தேர்வு தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் உட்கார்ந்து பார்த்த அதே ரோஹித், 2024 ஜூன் 29ஆம் தேதி பார்படோஸில் தலைவராக நின்று இருபது ஓவர் உலகக் கோப்பையைத் தூக்கினார். கட்டடக் கலை படித்து, அதை விட்டுவிட்டுச் சுழற்பந்துக்கு வந்த நம் வருண் சக்கரவர்த்தியைப் பாருங்கள். 2021 இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு எடுத்தார்கள். மூன்று ஆட்டத்தில் ஒரு விக்கெட் கூடக் கிடைக்கவில்லை. மூன்று வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. 2025 சாம்பியன்ஸ் கோப்பைக்கு முதல் பட்டியலில் கூட அவர் இல்லை; கடைசி நேரத்தில் சேர்த்தார்கள். “ஐந்து சுழற்பந்துக்காரர்களா?” என்று நாங்கள் டீக்கடையில் சிரித்தோம். துபாயில் நியூஸிலாந்துக்கு எதிராக 42 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார், கோப்பையும் வந்தது.

ஆனால் எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. அசுவினைக் கேளுங்கள். 2023 உலகக் கோப்பைக்கு, அக்ஷர் படேல் காயப்பட்டதால் கடைசி நிமிஷத்தில் சேர்த்தார்கள். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 10 ஓவர் வீசி 34 ரன் கொடுத்து ஒரு விக்கெட் எடுத்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது. சொந்த மைதானத்தில் ஆடிய அந்த ஓர் ஆட்டத்தோடு சரி; இறுதி ஆட்டம் வரை வெளியேதான் உட்கார்ந்திருந்தார். ராயுடு பிற்பாடு ஓய்வை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆயினும் இந்தியச் சட்டையை மறுபடி அணியவில்லை. ஐம்பது ஓவர் உலகக் கோப்பை நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. ஓர் ஆட்டக்காரனுடைய ஆயுளில் அது இரண்டு தடவை வரும், மிஞ்சினால் மூன்று தடவை. ஒன்றில் விட்டால் ‘அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வதற்கு அடுத்த தடவை பலருக்கு இருப்பதே இல்லை.

எங்கள் ஊர் ஷெட்டில் ராத்திரி வேளையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். காலையில் எல்லாமும் சென்ட்ரலுக்குப் புறப்பட்டுவிடாது. ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருக்கும். நிற்பதனால் அது ஓடாத வண்டி ஆகிவிடுமா? அன்றைய அட்டவணையில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். மனிதனுக்கும் இதுவே நியாயம். ஆனால் வண்டிக்கு வருத்தம் கிடையாது, மனிதனுக்கு உண்டு. ஆகவே அதை அவனிடம் ஒருவர் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் மறுபடியும் போட்டி வந்தது. மறுபடியும் நான்தான் தலைவர் என்றார்கள். “குழுவில் இன்னொருவரும் வேண்டும்” என்று நிபந்தனை போட்டு, அண்ணனைச் சேர்த்துக்கொண்டேன். பட்டியலை எழுதி முடித்ததும் அண்ணன் சொன்னான்: “அங்கிள், இதைக் குரூப்பில் போடறதுக்கு முன்னாடி, பேர் இல்லாதவங்க வீட்டுக்கெல்லாம் போயிட்டு வந்துடலாம்.”

போனோம். பத்து வீடு. ஏழு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இரண்டு வீட்டில் காரணத்தைக் கேட்டுக்கொண்டு, காப்பி கொடுக்காமல் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஆனால் ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்தோம். வாசலில் நின்றபடி அண்ணன் உரக்கவே சொன்னான்: “தம்பி, நீ மோசமா ஆடறேன்னு எடுக்காம விடலை. ஸ்பின் போடற ஆள் ரெண்டு பேர் ஏற்கெனவே இருக்காங்க. அதான். நாளைக்கு பிராக்டிஸுக்கு வந்துடு.”

உள்ளேயிருந்து பதில் இல்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்போது கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அண்ணன் கண்ணால் ஜாடை காட்டினான். நாங்களும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பிராக்டிஸுக்கு அந்தப் பையன் வந்திருந்தான்.